வீட்டு நாய் குட்டி போடலாமா வேணாமா? ஹீட் வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க

வீட்ல சின்ன சைஸ் பொட்ட நாய் ஒண்ணு வளர்த்தா போதும், அதுக்கு ஒரு வயசு தாண்டுறதுக்குள்ள யாராவது ஒருத்தர் கேட்டே தீருவாங்க, "எப்ப க்ராஸ் பண்ணப் போறீங்க, எனக்கு ஒரு குட்டி எடுத்து வைங்க"ன்னு. எங்க ஜூலிக்கும் அதே கதைதான். பொமரேனியன், மூணு கிலோ கூட தேறாது, கட்டில்ல ஏறிப் படுத்துட்டா தலகாணி எது நாய் எதுன்னு தடவிப் பார்த்துதான் சொல்லணும். அவ முதல் ஹீட்டுக்கு, அதாவது ஆண் நாயோட சேரத் தயாராகுற பருவத்துக்கு வந்த மாசமே மூணு பேர் குட்டிக்கு துண்டு போட்டு வச்சிட்டாங்க, நானும் சரி சரின்னு தலையாட்டிட்டேன். கடைசில பண்ணல. ஆனா பண்ணலாமா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு எனக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு, அந்த ஏழெட்டு மாசத்துல தெரிஞ்சுகிட்டத வரிசையா எழுதிடறேன். படிச்சு முடிச்சிட்டு நீங்க பண்ணலாம்னே முடிவெடுத்தாலும் தப்பு இல்ல, நான் தடுக்க வரல. ஒரே ஒரு விஷயம், அந்த முடிவ ஹீட் வந்த அன்னிக்கு எடுக்காதீங்க.

ஏன்னா பாதி வீட்ல இப்படித்தான் நடக்குது. தரையில ரெண்டு சொட்டு ரத்தம் பார்ப்பாங்க, ஐயோ ஹீட் வந்துருச்சு, இன்னும் பத்து நாள்தான் இருக்குன்னு ஆண் நாய் வச்சிருக்கிறவங்க நம்பரத் தேட ஆரம்பிச்சுடுவாங்க. அந்த பத்து நாள்ல எந்த டெஸ்ட்டையும் ஒழுங்கா பண்ணி ரிசல்ட் வாங்க முடியாது, ஆண் நாயோட அப்பா அம்மா பத்தி விசாரிக்க முடியாது. கிடைச்ச ஜோடி நல்ல ஜோடின்னு ஆயிடும். ஹீட்டு பொதுவா ஆறு ஏழு மாசத்துக்கு ஒரு தடவ வரும், அதனால போன ஹீட் முடிஞ்சதும் உட்கார்ந்து யோசிச்சா கையில அரை வருஷம் இருக்கு, அது போதும்.

முதல்ல எதுக்குன்னு கேளுங்க

"அவளும் ஒரு தடவ தாய் ஆகட்டுமே." இது நான் சொன்னது, அதனால இதையே முதல்ல போட்டுக்கிறேன். நாய்க்கு அப்படி ஒரு ஏக்கம்லாம் கிடையாதுங்க, ஹார்மோன் வர்றப்ப உடம்பு கேக்குது, போனதும் மறந்துடுது. ஹீட் முடிஞ்சு ஒன்னு ரெண்டு மாசம் கழிச்சு பொம்மைய வாயில கவ்விகிட்டு மூலையில போய் படுக்கும், மடி கூட வீங்கி பால் வரும், பார்த்தா நமக்கு பாவமா இருக்கும், அது பொய்ச்சினை, பெரும்பாலும் தானா சரியாயிடும். அத பார்த்து குட்டி வேணும்னு ஏங்குதுன்னு நாமதான் கதை கட்டுறோம்.

"ஒரு ஈத்து போட்டா உடம்புக்கு நல்லது." இல்ல. அப்படி ஒரு நன்மை எதுவும் நிரூபணம் ஆனதில்ல. சின்ன நாய்க்கு சினையும் பிரசவமும் ஆபத்துதான், மருந்து இல்ல.

"பசங்க பிரசவத்த நேர்ல பார்த்து கத்துக்கட்டும்." ராத்திரி ரெண்டு மணிக்கு உசுரில்லாத ஒரு குட்டி வெளிய வந்தா அதையும் பசங்க பார்க்கணும், அதுக்கு ரெடியான்னு யோசிச்சுக்கோங்க.

"இவள மாதிரியே இன்னொண்ணு வேணும்." எல்லாத்துலயும் இதுதான் நேர்மையான காரணம், எனக்கும் இது புரியுது, ஆனா குட்டிக்கு பாதி ஜீன் அப்பாகிட்ட இருந்து வருது, இவகிட்ட இருந்து போற பாதியும் எந்தப் பாதின்னு நமக்குத் தெரியாது, மிச்சம் வளர்ப்பு. ஜூலி மாதிரி வரணும்னா ஜூலியோட அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாம் ஜூலி மாதிரி இருந்திருக்கணுமே, நான் பார்த்த ஒரு தம்பி கையக் காட்டுனா கடிச்சுடுவான்.

காசு பத்தி கீழ சொல்றேன், அது தனிக் கதை.

சரி, நல்ல காரணம்னு எதைச் சொல்வேன்னா, இந்த நாய் உடம்புலயும் குணத்துலயும் அந்த இனத்துக்கே ஒரு படி மேல இருக்கு, அத காகிதத்துல டெஸ்ட் ரிசல்ட்டா காட்ட முடியும், அடுத்த தலைமுறைக்கு அது போகணும், அதுக்கு என்கிட்ட நேரமும் பணமும் இருக்கு. இவ்வளவுதான். கேட்டா கொஞ்சம் கறாரா தெரியும்.

அப்புறம் நாயப் பாருங்க, செல்லமா இல்ல, டாக்டர் மாதிரி

ஜூலிக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு. ஓடுறப்ப திடீர்னு பின்னங்கால் ஒண்ண மடக்கிக்கிட்டு மூணு கால்ல ரெண்டு எட்டு குதிப்பா, அப்புறம் கால ஒரு உதறு உதறிட்டு நார்மலா ஓடுவா. நாங்க அத ஸ்டைலுன்னு நினைச்சு வீடியோல்லாம் எடுத்து வச்சிருந்தோம். க்ராஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு செக்கப் பண்ணிடலாம்னு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனப்ப அந்த வீடியோவ சும்மா சிரிச்சுகிட்டே காட்டுனேன், அவர் சிரிக்கல. ஜூலிய பக்கவாட்டுல நிக்க வச்சு, பின்னங்கால லேசா நீட்டி, முழங்கால் சில்ல கட்டைவிரலால உள்பக்கமா தள்ளுனார், டொக்குன்னு ஒரு சின்ன நழுவல், என் விரல எடுத்து அங்க வச்சு மறுபடி தள்ளிக் காட்டுனார், தோலுக்கு அடியில ஒரு பட்டன் இடம் மாறுற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான், நம்ம ஸ்டைலு முழங்கால் சில்லு நழுவுற பிரச்சனை.

சின்ன நாய்ங்கள்ல இது ரொம்ப சகஜம், பொமரேனியன், சிவாவா, யார்க்ஷயர் டெரியர், டாய் பூடில் எல்லாத்துலயும் வரும். நாலு கிரேடு இருக்கு. முதல் கிரேடுல டாக்டர் தள்ளுனா நழுவும், விட்டா தானா உட்கார்ந்துடும். ரெண்டாவதுல நடக்கிறப்பவே அப்பப்ப தானா நழுவி தானா வரும், ஜூலிக்கு இதுதான். மூணாவதுல பெரும்பாலும் வெளியவே இருக்கும், கையால தள்ளுனா உள்ள போகும், நாலாவதுல போகவே போகாது. இது பரம்பரையா வர்ற விஷயம்ங்கறதால ரெண்டாவது கிரேடு நாய வச்சு குட்டி எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார். எங்க முடிவு பாதி அங்கயே ஆயிடுச்சு. முதல் கிரேடு இருந்தாலே வேணாம்ங்கறது என் கட்சி, கொஞ்சம் தளர்வா இருக்கிறவங்களும் இருக்காங்க.

முழங்கால் மட்டும் இல்ல, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வீக் பாயின்ட் இருக்கு, உங்க இனத்துக்கு எதுன்னு தெரிஞ்சுகிட்டு அந்த டெஸ்ட்டக் கேட்டு வாங்கணும், "பொதுவா செக் பண்ணிட்டோம், நல்லா இருக்கு"ங்கறது பத்தாது. கவலியர் கிங் சார்ல்ஸ்னா இதய வால்வு, இதுல ஒரு சிக்கல் என்னன்னா சின்ன வயசுல ஸ்டெதஸ்கோப் வச்சா சத்தம் சுத்தமா இருக்கும், நோய் பின்னாடி வரும், அதனால அந்த இனத்துக்கு சொல்ற வழிமுறையே நாய்க்கு ரெண்டரை வயசு ஆகணும், அதோட அப்பா அம்மா ரெண்டு பேரும் அஞ்சு வயசுல இதய முணுமுணுப்பு இல்லாம இருந்திருக்கணும்னு போகுது. நாயப் பார்த்தா பத்தாது, தாத்தா பாட்டி வரைக்கும் பார்க்கணும்னு சொல்றதுக்கு இதுதான் அர்த்தம். இந்த இனத்தோட உடல்நிலை எவ்வளவு மோசமாச்சுன்னா 2023-ல நார்வே உச்ச நீதிமன்றமே அங்க கவலியர் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

டாஷ்ஹண்ட்னா முதுகுத்தண்டு டிஸ்க். யார்க்ஷயர், மால்டீஸ்னா கல்லீரல சுத்திப் போற தப்பான ரத்தக்குழாய், அதுக்கு பைல் ஆசிட் ரத்தப் பரிசோதனை இருக்கு. பக், ஷிட்சு, ஃப்ரெஞ்ச் புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்ங்கன்னா மூச்சு, வாக்கிங் போயிட்டு வந்து பத்து நிமிஷம் கழிச்சும் கொர் கொர்னு இழுக்குதுன்னா அது க்யூட் இல்ல, மூச்சுத் திணறல், அந்த நாய வச்சு குட்டி எடுத்தா அதே திணறல குட்டிக்கும் குடுக்கிறோம். ஃப்ரெஞ்ச் புல்டாக், பாஸ்டன் டெரியர் ரெண்டுலயும் பிரிட்டன்ல கணக்கு எடுத்தப்ப 80 சதவீதத்துக்கும் மேல பிரசவம் சிசேரியன்லதான் முடிஞ்சிருக்கு, தானா குட்டி போட முடியாத உடம்ப நாமதான் செஞ்சு வச்சிருக்கோம்.

டாய் பூடில் மாதிரி இனங்கள்ல கண் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போற ஒரு நோய் இருக்கு, அதுக்கு டிஎன்ஏ டெஸ்ட் உண்டு, கன்னத்துக்குள்ள ஒரு பஞ்சுக்குச்சிய தேய்ச்சு அனுப்புனா போதும். ரிசல்ட்ல கேரியர்னு, அதாவது அந்தக் குறையுள்ள ஜீன் ஒண்ண மட்டும் சுமக்குதுன்னு வந்தா பதற வேணாம், அதுக்கு நோய் வராது, ஆனா ரெண்டு கேரியரா ஜோடி சேர்த்துட்டா ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீதம் குருடாகுற வாய்ப்பு. கேரியரும் சுத்தமா இருக்கிறதும் சேர்ந்தா ஒரு குட்டிக்கும் அந்த நோய் வராது. இதே மாதிரி மெர்ல்னு சொல்ற திட்டுத்திட்டு கலர் இருக்கே, சிவாவா, டாஷ்ஹண்ட்ல எல்லாம் அதுக்கு இப்ப கிராக்கி, ரெண்டு மெர்ல் நாய ஜோடி சேர்த்தா காது கேக்காம, கண்ணு தெரியாம, சில சமயம் கண்ணே சரியா உருவாகாம குட்டி பிறக்கலாம். தெரிஞ்சே அத பண்றவங்கள என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

குணமும் சேர்த்திதான். ஆளப் பார்த்தா நடுங்கி சோபாவுக்கு அடியில போய் ஒளியற நாய், இல்ல விருந்தாளி கணுக்கால கவ்வுற நாய், எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம். பயம் பாதி ரத்தத்துல வரும், மீதி பயந்த அம்மா கூட எட்டு வாரம் இருந்தே குட்டி கத்துக்கும்.

வயசு. முதல் ஹீட்ல கூடவே கூடாது, அது இன்னும் வளர்ற புள்ள. ரெண்டு வயசு சுத்தி ஆகட்டும், அதுக்குள்ள டெஸ்ட்டும் முடிஞ்சிருக்கும், குணமும் தெரிஞ்சிருக்கும். அதே சமயம் அஞ்சு வயசுக்கு மேல முதல் பிரசவம்ங்கறதும் நல்லதில்ல. எடை ரெண்டு கிலோவுக்கும் கீழன்னா நான் யோசிக்கக்கூட மாட்டேன். டீகப்னு ஒரு பேர் வச்சு விக்கிறாங்களே, அப்படி ஒரு இனமே கிடையாது, நோஞ்சானா பிறந்தத நோஞ்சானோட சேர்த்து எடுக்கிறதுதான் அது.

சின்ன உடம்புங்கறதே தனிப் பிரச்சனை

பெரிய நாய் எட்டு பத்து குட்டி போட்டுட்டு அசால்ட்டா எழுந்து போறத பார்த்துட்டு இதையும் அப்படி நினைக்கக் கூடாது. சின்ன இனத்துல குட்டி ஒண்ணு ரெண்டு மூணுதான் இருக்கும், இடுப்பெலும்பு சின்னது, குட்டியோட தலை உருண்டையா பெருசா இருக்கும், சிவாவாவ பார்த்தாலே தெரியும். அதுலயும் ஒத்தக் குட்டியா இருந்தா இன்னும் மோசம், தனியா இருக்கிறதால அது வயித்துல நல்லா வளர்ந்துடும், ஆனா பிரசவத்த ஆரம்பிச்சு வைக்கிற சிக்னல் ஒரு குட்டிகிட்ட இருந்து சரியா வராம வலியே எடுக்காம நாள் தள்ளிப் போகும், கடைசில கத்திதான்.

இன்னொண்ணு பால் காய்ச்சல், பேருல காய்ச்சல் இருக்கே தவிர விஷயம் கால்சியம். குட்டிங்க பால இழுக்க இழுக்க அம்மா ரத்தத்துல கால்சியம் கீழ போயிடும், பிரசவம் ஆகி முதல் நாலு வாரத்துக்குள்ள, குறிப்பா சின்ன நாய்க்கு நிறைய குட்டின்னா. நிலையில்லாம அலையும், நாக்கு தொங்க மூச்சு வாங்கும், கால் விறைச்சு நடுங்கும், விட்டா வலிப்பு, உடனே டாக்டர்ட்ட ஓடலன்னா செத்துடும். இதுல கொடுமை என்னன்னா நல்லது பண்றோம்னு சினையா இருக்கிறப்பவே கால்சியம் சிரப் ஊத்துவாங்க, அதுதான் இத வரவழைக்கும், வெளிய இருந்து தாராளமா கிடைக்கிறதால உடம்பு தன் எலும்புல இருந்து எடுக்கிற பழக்கத்த விட்டுடுது, தேவைப்படுறப்ப எடுக்கத் தெரியாம முழிக்குது. சினை நேரத்துல டாக்டர் சொல்லாம கால்சியம் குடுக்காதீங்க, கடைசி மூணு வாரத்துக்கு நல்ல பப்பி ஃபுட் கொஞ்சம் கொஞ்சமா பல தடவ குடுத்தா போதும்.

மாப்பிள்ளை பார்க்கிறது

ஆண் நாய் வச்சிருக்கிறவர் "எங்க பையன் சாம்பியன் மாதிரி"ன்னு சொல்வார், சொல்லட்டும், நீங்க காகிதத்தக் கேளுங்க. உங்க நாய்க்கு என்னென்ன டெஸ்ட்டோ அதே அந்த ஆண் நாய்க்கும். ரெண்டு விதையும் கீழ இறங்கியிருக்கணும், ஒண்ணு வயித்துக்குள்ளயே தங்கியிருந்தா அதுவும் பரம்பரை விஷயம், வேணாம். உங்க நாய விட சைஸ்ல பெருசா இருக்கக் கூடாது. ப்ரூசெல்லா டெஸ்ட் ரெண்டு நாய்க்கும் கட்டாயம், மேட்டிங்லயே பரவி குட்டி கலையுற நோய், மனுசனுக்கும் தொத்தும், நாய்க்கு முழுசா குணமாகுறது கஷ்டம். இந்த டெஸ்ட்ட கேட்டதும் ஒருத்தர் மூஞ்சியச் சுளிச்சார்னா அங்கயே வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

சொந்தமான்னும் பாருங்க. ஒரே ஆள்கிட்ட வாங்குன ரெண்டு நாயும் அண்ணன் தங்கச்சியா இருந்துடும், அப்பா மக, கூடப்பிறந்ததுங்கன்னா குட்டியோட உள்சேர்க்கை, அதாவது சொந்தத்துக்குள்ள கலக்கிற அளவு, 25 சதவீதம், அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் மட்டும் பொதுவா இருந்தா 12.5. ஏறிகிட்டே போக போக குட்டி எண்ணிக்கை குறையும், நோய் கூடும். குட்டில யாருக்கு எத்தனை, மேட்டிங் நிக்கலன்னா என்ன, எல்லாத்தையும் முன்னாடியே எழுதிக்கோங்க, நண்பரா இருந்தாலும், நண்பரா இருந்தா முக்கியமா.

63 நாளும் அந்த ஒரு ராத்திரியும்

நாள் பார்க்கிறதுக்கு புரோஜெஸ்ட்ரோன்ங்கற ஹார்மோனப் பார்க்கிற ரத்தப் பரிசோதனைதான் நம்பகமானது, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ எடுத்து முட்டை வெளிவந்த நாள கண்டுபிடிப்பாங்க, அங்கிருந்து 63 நாள், ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன. மேட்டிங் நாள வச்சு எண்ணுனா ஒரு வாரம் கூட பிசகும், ஏன்னா விந்தணு உள்ள பல நாள் உயிரோட காத்திருக்கும். 25 நாளுக்கு மேல ஸ்கேன்ல சினையான்னு தெரியும், 55 நாள் தாண்டி ஒரு எக்ஸ்ரே எடுத்தா எத்தனை குட்டின்னு எலும்ப எண்ணிச் சொல்லிடுவாங்க. இத மிச்சம் பிடிக்காதீங்க. எத்தனை வரணும்னு தெரியாம ராத்திரி மூணு மணிக்கு எல்லாம் முடிஞ்சுதா இன்னும் இருக்கான்னு முழிக்கிறது ரொம்பக் கொடுமை.

ஒரு தோழி வீட்ல அவங்க ஷிட்சு குட்டி போட்டப்ப கூட இருந்தேன், அதனால சொல்றேன். கடைசி வாரம் தினம் ரெண்டு தடவ ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சு நோட்ல எழுதிகிட்டு வந்தாங்க, 38 சொச்சம் இருந்தது ஒரு நாள் சாயங்காலம் 37-க்கு வந்துடுச்சு, 37.2 டிகிரிக்குக் கீழ போனா பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்ள பிரசவம்னு அர்த்தம். துணியப் பிராண்டுனா, சாப்பிடல, நடுங்குனா. முதல் குட்டி பனிக்குடத்தோட வந்துச்சு, ரெண்டாவதும் வந்துச்சு, எக்ஸ்ரேல மூணு. மூணாவதுக்கு முக்கிகிட்டே இருந்தா, நாங்க கடிகாரத்த பார்த்துகிட்டே இருந்தோம். விடாம அரை மணி நேரம் முக்கியும் குட்டி வரலன்னா, இல்ல ஒரு குட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிடுச்சுன்னா, இல்ல ஒரு குட்டியும் வராத முன்னாடியே பச்சையா கருப்பா நீர் வந்துச்சுன்னா யோசிக்காம கிளம்பணும். நாங்க கிளம்புனோம். எங்க போறதுன்னு முன்னாடியே பேசி வச்சிருந்ததால ஆபரேஷன் நடந்துச்சு, அம்மாவ காப்பாத்தியாச்சு, மூணாவது குட்டி போயிடுச்சு.

அதனால உங்களுக்கு ஒரு வேலை. இன்னிக்கே டாக்டருக்கு போன் போட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு சிசேரியன் பண்ணுவீங்களா, இல்லன்னா யார் பண்ணுவாங்கன்னு கேளுங்க. தெளிவா ஒரு பதில் கிடைக்கலன்னா முடிவு உங்க கையில இல்ல, பண்ண முடியாது.

அதுக்கப்புறம் தூக்கம் கிடையாது

பிறந்த குட்டிக்கு தன் உடம்பு சூட்ட தானா வச்சுக்கத் தெரியாது, முதல் வாரம் படுக்கிற இடம் 29-ல இருந்து 32 டிகிரி வரைக்கும் இருக்கணும், சூடு ஜாஸ்தியானா நகர்ந்து போக ஒரு ஓரமும் விடணும். தோழி வீட்ல ரெண்டாவது குட்டி 92 கிராம், கிராம் காட்டுற கிச்சன் தராசுல ஒரு கிண்ணத்துல துணி போட்டு நிறுத்தோம். சாயங்காலம் 90, மறுநாள் காலையில 84. முதல் நாள் கொஞ்சம் குறையறது உண்டு, 10 சதவீதத்த தொட்டா டாக்டர்ட்ட போகணும், இது கிட்ட வந்துடுச்சு. பார்த்தா பெருசு இத தள்ளி விட்டுட்டு நல்ல பால் வர்ற பின்பக்கக் காம்ப பிடிச்சுகிட்டு இருந்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அவன எடுத்து வெளிய வச்சுட்டு இவள காம்புல பிடிச்சு வைக்கணும், ராத்திரி பகல் ரெண்டும். நாலாவது நாள் 97 காட்டுனப்ப தோழி உட்கார்ந்து அழுதுட்டாங்க.

இந்த நேரத்துல எல்லாரும் பண்ற தப்பு, குட்டி சில்லுன்னு சோர்ந்து கிடக்குதேன்னு பால் புகட்டுறது. ஜில்லிட்ட குட்டிக்கு குடல் வேலை செய்யாது, பால் ஜீரணமாகாம வயித்துலயே நின்னுடும், நுரையீரலுக்கும் போகலாம். முதல்ல நெஞ்சோட அணைச்சு மெதுவா சூடாக்கணும், அப்புறம்தான் பால். சீம்பால் முதல் 24 மணி நேரத்துக்குள்ள உள்ள போயிடணும், எதிர்ப்பு சக்தி அதுலதான் இருக்கு. எடை ஒரு வாரம் பத்து நாள்ல ரெண்டு மடங்கு ஆகணும், கண்ணு பத்து பதினாலு நாள்ல திறக்கும். ரெண்டு, நாலு, ஆறு, எட்டாவது வாரம் பூச்சி மருந்து, ஆறு எட்டு வாரத்துல முதல் தடுப்பூசி.

மூணாவது வாரத்துல இருந்து நடக்க ஆரம்பிச்சா வீடு முழுக்க மூத்திரம்தான், அது கூட பரவால்ல. மூணுல இருந்து 12 வாரம் வரைக்கும்தான் குட்டி உலகத்த கத்துக்கிற காலம், மிக்ஸி சத்தம், குழந்தை, கண்ணாடி போட்ட ஆளு, குடை, எல்லாத்தையும் பயமில்லாம அப்ப காட்டணும். அதுல பாதி உங்க வீட்லதான் நடக்கும். ரெண்டு மாசம் வீட்ல ஒருத்தர் முழு நேரமா இருக்க முடியுமா? முடியாதுன்னா இங்கயே நிறுத்திக்கலாம்.

குட்டி யாருக்கு

எங்ககிட்ட துண்டு போட்ட மூணு பேர்கிட்டயும் ஒரு நாள் உண்மையாவே போன் பண்ணேன், "பிறந்தா கண்டிப்பா எடுப்பீங்களா, ஆணா பொண்ணா எதுவா இருந்தாலும்?" ஒருத்தருக்கு ஆண் மட்டும்தான் வேணுமாம். ஒருத்தர் வெள்ளைன்னா எடுத்துக்கிறேன்னார், ஜூலி ஆரஞ்சு கலரு. மூணாவது ஆள் வீடு மாறிட்டாங்களாம், புது வீட்ல நாய்க்கு அனுமதி இல்லையாம். இந்த போன நீங்களும் போட்டுப் பாருங்க, பத்து நிமிஷ வேலை, கண்ணு தொறந்துடும்.

சின்ன நாய் பதினாலு பதினஞ்சு வருஷம் இருக்கும். அந்தக் காலம் முழுக்க எந்தக் குட்டியாவது வேணாம்னு ஆனா திரும்ப வாங்கிக்கிறேன்னு உங்களால சொல்ல முடியணும். எழுத்துல. எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டிய குடுக்கக் கூடாது, ரொம்பச் சின்ன இனம்னா பத்து பன்னெண்டு வாரம், ஒரு வேளை சாப்பாடு தவறுனாலே சர்க்கரை இறங்கி மயங்கி விழுற சைஸ் அது.

காசு கணக்கு இப்ப போடுங்க. ரெண்டு நாய்க்கும் டெஸ்ட், நாலஞ்சு தடவ புரோஜெஸ்ட்ரோன், ஸ்கேன், எக்ஸ்ரே, அம்மாவுக்கு சாப்பாடு, குட்டிங்களுக்கு மருந்து ஊசி, நீங்க போடுற லீவு, அதுக்கு மேல ராத்திரி ஆபரேஷன் ஒண்ணு. வரவுப் பக்கம் ரெண்டு குட்டின்னு எழுதுங்க, மூணு இல்ல. இதுல லாபம் வருதுன்னு யாராவது சொன்னா மேல இருக்கிறதுல எதையோ பண்ணாம விட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

வேணாம்னு முடிவானா

அப்ப கருத்தடை ஆபரேஷன தள்ளிப் போடாதீங்க. ஆபரேஷன் பண்ணாத பொட்ட நாய்ங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு பத்து வயசுக்குள்ள கர்ப்பப்பையில சீழ் பிடிக்கும்னு சுவீடன் கணக்கு சொல்லுது. ஹீட் முடிஞ்சு சில வாரத்துல தண்ணிய குடிச்சுகிட்டே இருக்கும், சோர்ந்து படுத்துடும், வாந்தி எடுக்கும், சில சமயம் சீழ் வெளிய வரும், சில சமயம் ஒண்ணுமே வராம உள்ளயே ரொம்பும், ரெண்டாவதுதான் இன்னும் ஆபத்து. ஹீட்டு நேரத்துல ஆபரேஷன் பண்ண மாட்டாங்க, அப்ப ரத்த ஓட்டம் அதிகம், முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் விட்டு பண்றது வழக்கம். ஜூலிக்கு அப்படித்தான் பண்ணோம், மறுநாளே கட்டில்ல ஏறப் பார்த்தா, பிடிச்சு வைக்கிறதுதான் வேலையா போச்சு.

ஆபரேஷன் வரைக்கும் ஒரு ஹீட்டு குறுக்க வந்தா மூணு வாரம் காவல் காக்கணும். எல்லாரும் ஏமாறுற இடம் ரெண்டாவது வாரம், ரத்தம் குறைஞ்சு தண்ணி மாதிரி வெளுத்துடும், ஹீட் முடிஞ்சுதுன்னு கதவ திறந்து விடுவாங்க, ஆனா அப்பதான் அவ ஆண் நாய்க்கு நிக்கிற நேரம். டயப்பர் போட்டா போதும்னு நினைக்காதீங்க, அது தரைக்குத்தான். கேட்டு இடுக்கு, மொட்டை மாடி, பக்கத்து வீட்டு சின்ன சுவர் எல்லாம் பாருங்க, பாத்ரூம் போறதுக்கு கூட கயித்துல பிடிச்சே கூட்டிட்டுப் போங்க.

அப்படியும் நடந்துடுச்சு, ரெண்டும் பின்பக்கம் ஒட்டிகிட்டு நிக்குதுன்னா இழுத்துப் பிரிக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, ரெண்டுக்குமே காயம் ஆகும். பத்து நிமிஷமோ அரை மணியோ ஆகும், தானா விலகும், அது வரைக்கும் உங்க நாய் தலைய பிடிச்சுகிட்டு பக்கத்துல உட்காருங்க. தேதிய எழுதிகிட்டு அன்னிக்கே, இல்ல மறுநாள் டாக்டர்ட்ட போங்க, சினைய தொடர விடாம பண்றதுக்கு அவங்ககிட்ட வழி இருக்கு, எவ்வளவு சீக்கிரம் போறீங்களோ அவ்வளவு சுலபம். ஒரே ஹீட்ல ரெண்டு ஆண் நாய் கூட சேர்ந்தா ரெண்டு அப்பாவுக்கும் குட்டி பிறக்கலாம், அதனால ஒரு தடவ ஆயிடுச்சேன்னு விட்டுடாம மிச்சம் இருக்கிற நாளுக்கும் கதவ சாத்தியே வைங்க.